அடிப்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள்: டை-காஸ்ட் கார், லாரி சேகரிக்கத் தொடங்குவோருக்கு

கோயம்புத்தூரில் பெரிய அங்காடி ஒன்றின் பொம்மைப் பகுதிக்கு ஞாயிற்றுக்கிழமை காலை கடை திறந்த கையோடு போனால், நாற்பது வயதைக் கடந்த இரண்டொருவர் கொக்கியில் வரிசையாகத் தொங்கும் சின்னக் கார் அட்டைகளை ஒவ்வொன்றாகத் தள்ளித் தள்ளிப் பார்த்துக்கொண்டிருப்பதைக் காணலாம். அவர்கள் பிள்ளைகளுக்காக வந்தவர்கள் அல்லர். நானும் அந்த வரிசையில் நிற்பவன்தான். வயிற்றுப்பாட்டுக்குக் கணபதிப் பக்கம் ஒரு பிரஷர் டை-காஸ்டிங் பட்டறையில் தரம் பார்க்கும் வேலை செய்கிறேன். பம்புக்கும் மோட்டாருக்கும் வேண்டிய அலுமினிய உறுப்புகளை எந்திரத்திலிருந்து விழ விழ எடுத்துப் பிசிறும் ஓட்டையும் தேடுவது பகல் முழுவதும் பழகிப்போனதால், மாலையில் ஒரு பொம்மை லாரியைக் கையில் எடுத்தாலும் கண் முதலில் அதன் உலோகத்தைத்தான் மேய்கிறது. புதிதாகத் தொடங்குவோர் பெரும்பாலும் அட்டையில் அச்சிட்டிருக்கும் ‘லிமிடெட் எடிஷன்’ என்ற சொல்லைப் பார்த்து வாங்கி ஏமாறுகிறார்கள். வண்டியைத் திருப்பி அதன் அடிப்பக்கத்தைப் படிக்கக் கற்றுக்கொண்டால் அந்த ஏமாற்றத்தில் பாதி குறையும் என்பது என் அனுபவம்.

முதலில் உலோகம்

டை-காஸ்ட் என்பது உருக்கிய உலோகத்தை எஃகு அச்சுக்குள் அழுத்தத்தோடு செலுத்தி, கெட்டியானதும் அச்சைப் பிரித்துத் தள்ளி எடுக்கும் முறையாகும். எங்கள் பட்டறையில் ஓடுவது அலுமினியம். பொம்மை வண்டிகளில் இருப்பதோ பெரும்பாலும் சாமாக் எனப்படும் துத்தநாகக் கலவை. துத்தநாகத்தோடு ஏறத்தாழ 4 விழுக்காடு அலுமினியமும், மிகச் சிறிதளவு மக்னீசியமும், சில வகைகளில் செம்பும் சேர்ந்த இக்கலவைக்கு, இந்த நான்கு உலோகங்களின் ஜெர்மன் பெயர்களில் உள்ள முதலெழுத்துகளைக் கோத்துத்தான் அப்பெயர் வைத்தார்கள். அலுமினியம் உருக 660 டிகிரி செல்சியஸ் வேண்டும், துத்தநாகத்துக்கு 420 டிகிரியே போதும் என்பதால், அச்சு நெடுநாள் உழைக்கிறது. கதவு இடுக்கு, கிரில் கம்பி போன்ற நுணுக்கங்களும் மெல்லிசாக விழுகின்றன. இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். ‘உலோகமா பிளாஸ்டிக்கா’ என்று அறியக் காந்தத்தை ஒட்டிப் பார்க்கச் சொல்வார்கள், ஆனால் துத்தநாகம் காந்தத்தில் ஒட்டாது. ஒட்டுவது சக்கரத்தைத் தாங்கும் எஃகு அச்சாணி மட்டுமே. கன்னத்தில் வைத்துக் குளிர்ச்சி பார்ப்பது அதைவிட நம்பகமான சோதனை.

டை-காஸ்ட் என்ற பெயரில் விற்கும் எல்லாமே முழு உலோகம் அல்ல. மலிவு வரிசைகளில் சில வண்டிகளுக்கு மேற்கூடு பிளாஸ்டிக்காகவும் அடித்தகடு உலோகமாகவும் இருக்கும். விலை உயர்ந்த வரிசைகளிலும் ரெசின் என்னும் பிசினால் வார்த்த மாடல்கள் உண்டு. அவற்றில் பெரும்பாலானவற்றுக்குக் கதவு திறக்காது, ஆனால் உடலின் வடிவம் மிகக் கூர்மையாக இருக்கும். எடை கூடினால் தரமும் கூடும் என்ற எண்ணத்தைத் தொடக்கத்திலேயே விட்டுவிடுவது நல்லது.

முதல் படி: எல்லை போடுங்கள்

வாங்கத் தொடங்கும் முன் எதை வாங்குவதில்லை என்று முடிவு செய்யுங்கள். கண்ணில் பட்டதையெல்லாம் வாங்கும் சேகரிப்பு ஆறே மாதத்தில் அட்டைப்பெட்டிக் குவியலாகிவிடும். வீட்டில் கேட்கும் கேள்விகளுக்குப் பதிலும் இராது. ஒரு நிறுவனம், ஒரு நாடு, ஒரு காலம், ஒரு வகை வண்டி, ஒரு நிறம் என ஏதாவது ஒரு கோட்டைப் போட்டுக்கொண்டு, அதற்குள் நின்று தேடுவதில்தான் சுவை இருக்கிறது.

கொங்கு நாட்டில் இருப்பவருக்கு இந்தக் கோடு போடுவது எளிது, ஏனென்றால் நாம் வண்டிகளுக்கு நடுவில் வளர்ந்தவர்கள். நாமக்கல்லிலும் சங்ககிரியிலும் லாரிக்குப் பாடி கட்டுவதையும், கரூரில் பஸ்ஸுக்குப் பாடி கட்டுவதையும், ஆழ்துளைக் கிணறு போடும் திருச்செங்கோட்டு ரிக் வண்டிகள் வடக்கே புறப்படுவதையும் பார்த்து வளர்ந்த ஒருவர், அமெரிக்க மசில் கார்களை மட்டும் சேர்த்துக்கொண்டிருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. எனக்குத் தெரிந்தவரை திருச்செங்கோட்டு ரிக்கைக் கடையில் மாடலாக யாரும் விற்றதில்லை என்பது என் நெடுநாள் மனக்குறை. ஆனாலும் நம் சாலைகளின் வரலாற்றைத் தொட்டுச் செல்லும் மாடல்கள் ஏராளமாக உள்ளன. 1948-இல் சென்னையில் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ் ஆஸ்டின் ஏ-40 கார்களைப் பூட்டி விற்றது. அந்த வரிசையைச் சேர்ந்த ஆஸ்டின் டெவான், ஆஸ்டின் சாமர்செட் ஆகிய இரண்டையும் இங்கிலாந்தின் டிங்கி டாய்ஸ் என்னும் பொம்மை நிறுவனம் அக்காலத்திலேயே வார்த்திருக்கிறது. அசோக் மோட்டார்ஸ் 1955-இல் அசோக் லேலண்ட் ஆனது. நம் பெரியவர்கள் ‘காமெட்’ என்று சொன்ன லாரியின் ஆங்கிலேய மூதாதையான லேலண்ட் காமெட்டையும், எட்டுச் சக்கர லேலண்ட் ஆக்டோபஸையும் டிங்கி வரிசையில் தேடலாம். ஸ்டாண்டர்டு ஹெரால்டை ஓட்டிய தாத்தா யாருக்காவது இருந்தால், அந்தக் காரின் மூலமான டிரையம்ப் ஹெரால்டைக் கார்கி நிறுவனத்தின் பழைய வரிசையில் காணலாம்.

பந்தய வண்டிப் பிரியர்களுக்கு நம் ஊர்க்காரர் ஒருவரே கோடு போட்டுக் கொடுத்திருக்கிறார். கோயம்புத்தூரில் வளர்ந்த நரேன் கார்த்திகேயன் 2005-இல் ஃபார்முலா ஒன்று பந்தயத்தில் ஓட்டிய முதல் இந்தியரானார். அவர் ஓட்டிய ஜோர்டன் இ.ஜே.15 வண்டியை ஜெர்மனியின் மினிசாம்ப்ஸ் நிறுவனம் 1:43 அளவில் செய்தது. அதே வண்டியை அணியின் இன்னோர் ஓட்டுநரான டியாகோ மான்டேரோவின் பெயரிலும் வாங்கலாம். கூடு ஒன்றே; மூக்கில் உள்ள எண்ணும் ஓட்டுநரின் தலைக்கவசமும்தான் வேறு. கார்த்திகேயனுடையது 19, மற்றவருடையது 18. பெட்டி மாறிப்போன மாடலை அவசரத்தில் வாங்கிவிட்டு வீட்டுக்கு வந்து எண்ணைப் பார்த்து விழித்தவர்களும் உண்டு.

மாதத்துக்கு எவ்வளவு செலவழிப்பது என்பதையும் இந்த இடத்திலேயே முடிவு செய்யுங்கள். வண்டி எவ்வளவு அரியதாக இருந்தாலும் அந்தத் தொகையைத் தாண்டுவதில்லை என்றும், தாண்டினால் அடுத்த மாதம் வாங்குவதில்லை என்றும் நானே எனக்கு விதித்துக்கொண்டிருக்கிறேன். தீபாவளி போனஸ் மாதம் மட்டும் விலக்கு.

இரண்டாம் படி: ஸ்கேல்

1:64 என்று போட்டிருந்தால் உண்மை வண்டியின் நீளத்தில் அறுபத்து நான்கில் ஒரு பங்கு என்று பொருள். 4325 மில்லிமீட்டர் நீளமுள்ள அம்பாசடர் காரை வைத்துக் கணக்குப் போட்டால் எளிதில் விளங்கும்: 1:64-இல் அது ஏழு சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவாகவும், 1:43-இல் பத்து சென்டிமீட்டராகவும், 1:18-இல் இருபத்து நான்கு சென்டிமீட்டராகவும் இருக்கும். முதலாவது உள்ளங்கையில் அடங்கும், மூன்றாவதற்கு அலமாரியில் ஓர் அடி இடம் ஒதுக்க வேண்டும். பெரிய லாரிகளுக்கும் ஜேசிபி போன்ற எந்திரங்களுக்கும் 1:50 என்ற அளவே பரவலான வழக்கம். நெதர்லாந்தின் டபிள்யூ.எஸ்.ஐ., டெக்னோ, ஜெர்மனியின் கான்ராட், என்.இசட்.ஜி. ஆகிய நிறுவனங்கள் இந்த அளவில்தான் பேர் பெற்றவை.

ஹாட் வீல்ஸ், மேட்ச்பாக்ஸ் போன்ற மலிவு வரிசைகளை 1:64 என்று எல்லோரும் சொன்னாலும், அவை அளவுக்கு வார்த்தவை அல்ல, பெட்டிக்கு வார்த்தவை. ஒரே அட்டையில் அடங்க வேண்டும் என்பதற்காக லாரியைச் சுருக்கி, சின்னக் காரைப் பெருக்கிவிடுவார்கள். இரண்டையும் பக்கத்தில் நிறுத்தினால் லாரியும் காரும் ஒரே உயரத்தில் நிற்கும். இது குறையன்று, பொம்மையின் இயல்பு. ஆனால் அலமாரியில் சாலைக் காட்சி அமைக்க நினைப்பவர் மினி ஜிடி போன்ற, அளவைப் பிசகாமல் காக்கும் வரிசைகளுக்குத்தான் போக வேண்டும். விலையும் அதற்கேற்ப ஆயிரத்தைத் தாண்டும்.

மூன்றாம் படி: ‘லிமிடெட்’ என்ற சொல்லைப் பிரித்துப் பாருங்கள்

இங்குதான் புதியவர்கள் பணத்தை இழக்கிறார்கள், ஆகையால் சற்று விரிவாகவே சொல்கிறேன். கடையில் ‘லிமிடெட்’ என்று சொல்லப்படுவது நான்கு வெவ்வேறு பொருள்களில் வழங்குகிறது. எண்ணிட்டு வருவது ஒன்று: அடித்தகட்டிலோ உடன் வரும் சான்றிலோ ‘ஆயிரத்தில் 214’ என்பதுபோல் பொறித்திருக்கும். பெட்டியில் உள்ள எண்ணும் வண்டியில் உள்ள எண்ணும் ஒத்துப்போக வேண்டும். ‘சேஸ்’ என்பது இரண்டாவது: வழக்கமான பெட்டிகளுக்குள் அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கலந்துவிடும் மாற்று நிற வண்டி. மூன்றாவது, ஒரு குறிப்பிட்ட கடைக்கோ நாட்டுக்கோ நிகழ்ச்சிக்கோ மட்டும் செய்தது. நான்காவது, உறுப்பினர்களுக்கு மட்டும் விற்கும் மன்றப் பதிப்பு; ஹாட் வீல்ஸின் ரெட் லைன் கிளப் இவ்வகைக்கு எடுத்துக்காட்டு. இவை எதிலும் சேராமல் அட்டையில் வெறுமனே ‘லிமிடெட் எடிஷன்’ என்று மட்டும் எழுதியிருந்தால் அது அச்சுச் செலவுக்கு மேல் எதையும் உங்களுக்குச் சொல்லவில்லை. எத்தனை வார்த்தார்கள் என்ற எண் இல்லாத வரம்பு, கல் நடாத வரப்பு.

ஹாட் வீல்ஸின் ‘டிரெஷர் ஹன்ட்’ வரிசையை எல்லோரும் கேள்விப்பட்டிருப்பீர்கள். 1968-இல் பதினாறு கார்களோடு தொடங்கிய ஹாட் வீல்ஸ், 1995-இல் பன்னிரண்டு வண்டிகளை வகைக்குப் பத்தாயிரம் வீதம் வார்த்து, உலகம் முழுவதற்கும் கலந்து அனுப்பியதுதான் தொடக்கம். 2007 முதல் அது சாதாரணம், சூப்பர் என இரண்டாகப் பிரிந்தது. இன்றைய சாதாரண டிரெஷர் ஹன்ட்டில் வட்டத்துக்குள் தீச்சுடர் போன்ற குறி வண்டியின் மேலேயே எங்காவது இருக்கும். சூப்பருக்கோ ஸ்பெக்ட்ராஃபிளேம் என்னும் கண்ணாடி போன்ற வண்ணமும், ரப்பர் டயரும், வண்டிக்குப் பின்னே அட்டையில் பொன்னிறச் சுடர்க் குறியும் அடையாளம். கடைகளில் அட்டைகளைத் தள்ளித் தள்ளிப் பார்ப்பவர்கள் தேடுவது அந்தப் பொன்னிறச் சுடரைத்தான். அது கிடைக்காவிட்டால் நாள் வீண் என்று நினைப்பவருக்கு இந்தப் பொழுதுபோக்கு மனச்சோர்வையே தரும். பெட்டியைப் பிரிக்கும்போதே கடைப் பையனிடம் சொல்லி வைத்து எடுத்து, ஐந்து மடங்கு விலை வைக்கும் இடைத்தரகர்களோடு போட்டியிட நமக்கு நேரமும் இல்லை.

அருமை என்பது வார்த்த எண்ணிக்கையில் மட்டும் இல்லை, தப்பிப் பிழைத்த எண்ணிக்கையில் இருக்கிறது என்பதைக் கவனியுங்கள். கார்கி நிறுவனம் 1965-இல் வெளியிட்ட ஜேம்ஸ் பாண்டின் ஆஸ்டன் மார்ட்டின் பல இலட்சக் கணக்கில் விற்றது. அதில் லிமிடெட் என்ற பேச்சே கிடையாது. ஆனால் அது குழந்தைகளின் கையில் விளையாடப்பட்ட வண்டி. பொத்தானை அழுத்தினால் கூரை திறந்து இருக்கையிலிருந்து வெளியே பாயும் அந்தக் குட்டி வில்லன் பொம்மை பெரும்பாலான வீடுகளில் முதல் வாரமே கட்டிலுக்கடியில் போய்விட்டது. பெட்டியைக் குப்பையில் போட்டார்கள். ஆகவே பொம்மையும் பெட்டியும் குறிப்புத் தாளும் குலையாமல் உள்ள ஒன்று இன்று அரிதாகிவிட்டது. இதற்கு நேர்மாறாக, ‘சேகரிப்பதற்காகவே’ என்று விளம்பரம் செய்து விற்ற வண்டிகளை வாங்கிய எல்லோரும் பெட்டியைப் பிரிக்காமல் பத்திரப்படுத்திவிட்டதால், இருபது ஆண்டு கழிந்தும் அவை சந்தையில் குவிந்து கிடக்கின்றன.

நான்காம் படி: கையில் எடுத்துப் பார்ப்பது

இனி வண்டியைத் திருப்புங்கள். அடித்தகட்டில் நிறுவனத்தின் பெயர், வார்த்த நாடு, வண்டியின் பெயர், ஓர் ஆண்டு ஆகியவை புடைப்பெழுத்தில் இருக்கும். அந்த ஆண்டைப் பார்த்துப் பழைய வண்டி என்று முடிவு கட்டுவது புதியவர்களின் முதல் தவறு. அது அச்சு வடிவத்துக்கான உரிமை பதிவான ஆண்டே தவிர, உங்கள் கையில் உள்ள வண்டி வார்த்த ஆண்டன்று. பல ஆண்டுக்கு முன் வெட்டிய அச்சில் சென்ற மாதம் வார்த்த வண்டியிலும் அதே பழைய ஆண்டுதான் இருக்கும். அண்மைக் கால ஹாட் வீல்ஸில் அடித்தகட்டில் ஓர் எழுத்தும் இரண்டு எண்ணும் கொண்ட சிறு குறியீடு ஒன்றைக் காணலாம். எழுத்து ஆண்டையும் எண்கள் வாரத்தையும் குறிக்கும். வார்த்த காலம் வேண்டுமானால் அதைப் பாருங்கள்.

அடுத்து ரிவெட். மேற்கூட்டையும் அடித்தகட்டையும் பிணைக்கும் இந்த முளை, தொழிற்சாலையில் நசுக்கப்பட்டு வழவழப்பான தலையோடு இருக்கும். அதன் நடுவில் துளையோ, பசையின் மினுமினுப்போ, குட்டி ஸ்குரூவோ தெரிந்தால் யாரோ வண்டியைப் பிரித்திருக்கிறார்கள். பிரித்தவர் சக்கரத்தை மாற்றி, வண்ணம் அடித்து, சாதாரண வண்டியைச் சூப்பராக்கியிருக்கலாம். ஸ்பெக்ட்ராஃபிளேம் என்பது மெருகேற்றிய உலோகத்தின் மேல் ஒளி ஊடுருவும் வண்ணத்தைப் பூசுவது என்பதால், வெளிச்சத்தில் சாய்த்தால் வண்ணத்துக்கடியில் உலோகமே பளிச்சிடும். போலியில் அடித்த மெட்டாலிக் பெயிண்ட் தன் துகள்களால் மினுங்குமே தவிர அடியில் எதையும் காட்டாது, கதவு இடுக்குகளிலும் மடிப்புகளிலும் திட்டாகத் தேங்கியிருக்கும்.

உலோகத்தைப் படிக்க மூன்று அடையாளங்கள் போதும். அச்சின் இரு பாதிகளும் சேரும் இடத்தில் ஓடும் மெல்லிய கோடு எங்களுக்குப் பார்ட்டிங் லைன். நல்ல வேலைப்பாட்டில் அது மறைவான விளிம்பில் ஓடும், மலிவில் கூரை நடுவே தெரியும். உட்புறத்தில் வட்ட வட்டமாகக் காணும் தழும்புகள், கெட்டியான வார்ப்பை அச்சிலிருந்து தள்ளும் எஜெக்டர் பின்னின் சுவடுகள், அவை இயல்பானவை. விளிம்பில் துருத்தும் பிசிறு அச்சு தேய்ந்துவிட்டதைச் சொல்கிறது. டிங்கியின் ஓய்வுபெற்ற அச்சுகள் 1960-களின் பிற்பகுதியில் கல்கத்தாவுக்கு வந்து, நிக்கி டாய்ஸ் என்ற பெயரில் அங்கே வார்க்கப்பட்டன. அந்த வண்டிகளில் கதவு வரிகள் மழுங்கியும் பிசிறு கூடுதலாகவும் இருப்பதற்குக் காரணம் இதுதான். ஆனாலும் நம் நாட்டில் வார்த்தவை என்பதால் அவற்றுக்கு இன்று தனி மதிப்பு. கல்கத்தாவிலேயே செய்த மாக்ஸ்வெல் வண்டிகளையும் இதே ஆர்வத்தோடு தேடுகிறார்கள்.

பழையவற்றில் பார்க்க வேண்டிய பெரிய நோய், துத்தநாக அரிப்பு. கலவையில் ஈயம், வெள்ளீயம், காட்மியம் ஆகியவை சிறிதளவு கலந்துவிட்டாலும் உலோகத்தின் பரல்களுக்கு இடையே அரிப்பு ஊர்ந்து, ஆண்டுக்கணக்கில் வண்டி உப்பி, வளைந்து, இறுதியில் பிஸ்கட் போல நொறுங்கிவிடும். துத்தநாகம் உருக்கும் பட்டறைகளில் ஈயப்பற்று வைத்த துண்டைக் கலத்தின் பக்கமே அண்டவிடாதது இதனால்தான். இரண்டாம் உலகப் போருக்கு முந்தைய டிங்கி வண்டிகளில் இது மிகுதி, என்றாலும் இந்த நூற்றாண்டில் வார்த்த சில விலை உயர்ந்த மாடல்களும் தப்பவில்லை. வண்ணத்தில் கொப்புளம், மயிரிழை விரிசல், கதவு திடீரென்று மூடாமல் போவது ஆகியவை அறிகுறிகள். ஈரமும் வெப்பமும் அதை விரைவுபடுத்தும். இதற்கு மருந்து இல்லை. பக்கத்து வண்டிக்குத் தொற்றுவதும் இல்லை.

அட்டையோடு வாங்குவதாக இருந்தால் பிளிஸ்டர் எனப்படும் பிளாஸ்டிக் குமிழின் விளிம்பைச் சாய்வான டார்ச் வெளிச்சத்தில் பாருங்கள். திறந்து ஒட்டியதாக இருந்தால் அட்டையின் நார் எழும்பியிருக்கும், அல்லது பசை மஞ்சளாகத் தெரியும். நான் ஒருமுறை வெளியூர் விற்பனையாளர் ஒருவரிடம் படத்தை மட்டும் பார்த்து ஒரு சூப்பர் வண்டி வாங்கினேன். வந்தது ஒட்டிய குமிழ், உள்ளே துளையிட்ட ரிவெட். பார்சலைப் பிரிக்கும்போது செல்போனில் படம் பிடிக்காததால் என்னால் எதையும் நிறுவ முடியவில்லை. அன்றிலிருந்து முதல் கத்தரி வெட்டு முதல் படம் எடுத்துவிடுகிறேன்.

புது வண்ணம் பற்றி ஒரு சொல்

அந்தியூர்ப் பக்கம் அம்மிச்சி வீட்டு அட்டாலியைச் சுத்தம் செய்தபோது, ஒரு தகர டப்பாவில் பழைய செருப்புக் கொக்கிகளுக்கு நடுவே ஒரு லாரி கிடைத்தது. “உன்ற மாமன் வெளையாண்டதுதான், நீயே வெச்சுக்க சாமி” என்று அம்மிச்சி கொடுத்துவிட்டார். திருப்பிப் பார்த்தால் டிங்கி, லேலண்ட் காமெட், மேட் இன் இங்கிலாந்து. வண்ணம் பாதிக்கு மேல் உதிர்ந்து, ஒரு டயர் கல்லாய் இறுகி வெடித்திருந்தது. நான் அறிவாளித்தனமாகப் பட்டறைக்கு எடுத்துப் போய் மிச்ச வண்ணத்தையும் ரிமூவரில் ஊறவைத்து நீக்கி, பிரைமர் அடித்து, கார் பெயிண்ட் ஸ்பிரே செய்து, கண்ணாடிபோல் ஆக்கினேன். ஓராண்டு கழித்துத் திருப்பூரிலிருந்து வந்த மூத்த சேகரிப்பாளர் ஒருவர் அதை நெடுநேரம் கையில் வைத்துப் பார்த்துவிட்டு, “பெயிண்டு நல்லா வந்திருக்குதுங்க. ஆனா இனி இது டிங்கி பெயிண்டு இல்லீங்களே, உங்க பெயிண்டுதானுங்க” என்றார். மாமன் மண்ணில் இழுத்து உண்டாக்கிய கீறல்கள் அத்தனையும் போயிருந்தன. உதிர்ந்த வண்ணமாக இருந்தாலும் தொழிற்சாலை வண்ணத்தைத் தொடாதீர்கள். வெடித்த டயரை மட்டும் மாற்றலாம். மாற்றியதை எழுதி வைக்க வேண்டும், பழையதை ஒரு கவரில் போட்டு உடன் வைக்க வேண்டும். வண்ணம் அடித்துப் பழக ஆசையிருந்தால் இருநூறு ரூபாய் வண்டியில் அடித்துப் பழகுங்கள்.

ஐந்தாம் படி: எங்கே, என்ன விலைக்கு

மலிவு வரிசைகள் நம் ஊர்ப் பெரிய அங்காடிகளிலும் பொம்மைக் கடைகளிலும் கிடைக்கின்றன. சரக்கு வரும் நாளைக் கடைக்காரரிடம் கேட்டு வைப்பதில் தவறில்லை. அதற்கு மேற்பட்ட வரிசைகளுக்கு இணையக் கடைகளையே நம்ப வேண்டியிருக்கிறது. வெளிநாட்டிலிருந்து நேராக வரவழைக்க நினைப்பவர் சுங்கக் கணக்கை முதலில் போட்டுப் பார்க்க வேண்டும். பொம்மைகளுக்கான அடிப்படைச் சுங்க வரி 2020-இல் 20 விழுக்காட்டிலிருந்து 60 ஆகவும், 2023-இல் 70 ஆகவும் உயர்த்தப்பட்டது. அதன் மேல் மற்ற வரிகளும் கூரியர் கட்டணமும் ஏறும். 2021 ஜனவரி முதல் பொம்மைகளுக்கு ஐ.எஸ்.ஐ. தரக்குறி கட்டாயமாகிவிட்டதால், குறியில்லாத பார்சல் சுங்கத்தில் நின்றுவிடும் வாய்ப்பும் உண்டு. மூவாயிரம் ரூபாய் மாடல் கைக்கு வரும்போது ஆறாயிரத்தைத் தொட்டால் வியப்படைய வேண்டாம்.

விலை அறிய, கேட்கும் விலையைப் பார்க்காதீர்கள். இபே போன்ற தளங்களில் விற்று முடிந்தவற்றை மட்டும் பிரித்துக் காட்டும் வசதி இருக்கிறது. ஒரு மாடலை ஒருவர் பத்தாயிரத்துக்குப் போட்டிருப்பதும், சென்ற மாதம் மூன்று பேர் இரண்டாயிரத்துக்கு வாங்கியதும் ஒப்பிட்டுப் பார்த்தால் தெரியும். முன்பதிவுக்குப் பணம் கட்டும்போது மாதங்கள் தள்ளிப்போகும் என்று எதிர்பார்த்தே கட்டுங்கள், முழுத் தொகையையும் முன்னதாகக் கொடுக்காதீர்கள். பழையவற்றுக்குக் காயலான் கடைகளும் உறவினர் வீட்டு அட்டாலிகளும்தான் நல்ல இடம். ஆனால் விவரம் அறியாத பெரியவரிடம் இருபது ரூபாய் கொடுத்து ஆயிரக்கணக்கில் பெறுமானமுள்ளதை எடுத்து வருவதை நான் ஏற்பதில்லை. மதிப்பைச் சொல்லிவிட்டுத்தான் விலை பேச வேண்டும்.

ஆறாம் படி: நம் வெயிலிலும் காற்றிலும் காப்பது

வெளிநாட்டார் எழுதிய பராமரிப்புக் குறிப்புகள் நமக்கு அப்படியே பொருந்தா. ஈரோட்டிலும் கரூரிலும் கோடையில் மேற்குச் சுவர் இரவு பத்து மணிக்கும் சுடும், ஆகவே அலமாரியை அந்தச் சுவரில் மாட்டாதீர்கள். நேர் வெயில் படும் இடத்தில் சிவப்பு வண்ணம்தான் முதலில் வெளிறும், குமிழ் மஞ்சளாகும். பாலக்காட்டுக் கணவாய் வழியே வீசும் ஆடிக் காற்று கதவிடுக்கு வழியாகக் கொண்டுவரும் மண்ணும், திருப்பூர்ப் பக்கமானால் பஞ்சுத் தூசும், திறந்த அலமாரியில் ஒரே வாரத்தில் படிந்துவிடும். உலர்ந்த மண் மேல் துணியால் துடைத்தால் உப்புத்தாளால் தேய்த்ததுபோல் கீறல் விழும். மென்மையான ஓவியத் தூரிகையால் தட்டிவிட வேண்டும். கண்ணாடிக் கதவுக்கு ஓரத்தில் ஃபோம் பட்டை ஒட்டினாலே தூசு பாதியாகக் குறையும்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் ஈரம்தான் பகை. ஏற்றுமதித் துணிப் பெட்டிகளில் போடும் சிலிக்கா ஜெல் பொட்டலங்கள் இங்கே எளிதில் கிடைக்கும். நீல மணிகள் இளஞ்சிவப்பானால் ஈரம் குடித்துவிட்டன என்று பொருள். அவற்றைச் சமையல் சட்டியில் வறுக்காதீர்கள், நீல நிறத்துக்குச் சேர்ப்பது கோபால்ட் உப்பு. அந்துருண்டை வேண்டவே வேண்டாம். அதன் ஆவி சில பிளாஸ்டிக்குகளை இளக்கிக் கண்ணாடிப் பகுதியை மங்கலாக்கிவிடும். அட்டைகளைச் சுவரை ஒட்டித் தரையில் அடுக்கினால் கரையானுக்கு விருந்து வைத்ததாகும்.

பலர் அறியாத ஒன்று: மென்மையான டயர்களில் உள்ள எண்ணெய்த் தன்மையுள்ள கூட்டுப்பொருள் காலப்போக்கில் கசிந்து, வண்டி நிற்கும் பிளாஸ்டிக் மேடையைக் கரைக்கும். ஐந்தாண்டு அசையாமல் வைத்த வண்டியை எடுத்தால் டயர் மேடையோடு ஒட்டிக்கொண்டு வரும். சக்கரத்துக்கடியில் பாலியஸ்டர் தாளை வெட்டி வையுங்கள், அல்லது அடித்தகட்டுக்குச் சிறு முட்டுக் கொடுத்து டயர் மேடையைத் தொடாமல் நிறுத்துங்கள்.

வீட்டில் சிறு பிள்ளைகள் இருந்தால் அலமாரிக்குப் பூட்டுப் போட்டுவிட்டு மறந்துவிட முடியாது. நான் கடைக்குப் போகும்போதெல்லாம் அண்ணன் மகனுக்கும் ஒரு மலிவு வண்டி வாங்கி வருகிறேன். அதை அவன் வாசலில் மண்ணில் ஓட்டுகிறான். அலமாரியில் இருப்பதைவிட அவனிடம் உள்ளவை அழகாகக் கீறல் வாங்கிக்கொண்டிருக்கின்றன.

ஏழாம் படி: ஏடு

ஒரு நீள நோட்டு போதும். வாங்கிய நாள், நிறுவனம், வண்டி, ஸ்கேல், அடித்தகட்டில் உள்ள குறியீடு, பெட்டி எண், கொடுத்த விலை, யாரிடம், வாங்கும்போது இருந்த நிலை ஆகியவற்றை ஒரு வரியில் எழுதுங்கள். அடிப்பக்கத்தை ஒரு படமும் எடுத்து வையுங்கள். ஒரே வண்டியை இரண்டு முறை வாங்குவதை இந்த ஏடு தடுக்கும். நான் ஏடு தொடங்கும் முன்பு ஒரே பச்சை நிற வண்டியை மூன்று வாங்கியிருந்தேன். கூடுதலாக வந்தவற்றை மாற்றிக்கொள்ளவும் அது உதவும். ஈரோட்டு நண்பர் ஒருவரும் நானும் மாதம் ஒருமுறை இரு ஊருக்கும் நடுவே பெருந்துறையில் ஒரு பேக்கரியில் உட்கார்ந்து, ஏட்டை விரித்து வைத்துக்கொண்டு மாற்றிக்கொள்கிறோம். அந்த நோட்டு எந்த அலமாரியில் இருக்கிறது என்பதை வீட்டில் ஒருவருக்காவது சொல்லி வையுங்கள்.